தோய்க்கக் கூடாத கோட்

இந்த வெள்ளைக்கார நாட்டில் ஒருவன் தன் கோட்டைத் தோய்த்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்வான். கேட்பவனும் மரியாதையாகத் தலையாட்டுவான். ஊரிலிருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். மோர்டனில் என் பக்கத்து வீட்டுக்காரர் பீட்டர் இந்த ரகம். அவருடைய அப்பா மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓடியவர். அப்பா விட்டுப்போன கோட், மெழுகு பூசிய பருத்தித் துணி, எத்தனையோ மழையைக் கண்டது, சவர்க்காரத்தை மட்டும் கண்டதில்லை. நெஞ்சில் ஒயில் கறை, கையில் சேறு. எது எந்த ரேஸில் பட்டது என்று தொட்டுத் தொட்டுச் சொல்வார். அதைத் தைத்த கொம்பனி இன்னும் இருக்கிறது. பழைய கோட்டுகளைச் சேர்த்துத் தன் கடையில் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறது. சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தார்.

புதன்கிழமை காலை நல்ல மழை. விம்பிள்டனுக்கு வேலைக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுத்தபோது என் பிளாஸ்டிக் மழைக்கோட் தோளில் கிழிந்தது. பீட்டர் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். மழைக்குத்தானே தைத்தது என்றார். யாழ்ப்பாணத்தில் மழை வந்தால் கடை வாசலில் ஒதுங்குவோம். தேத்தண்ணி முடிய மழையும் முடியும். இங்கே ஒதுங்கினால் பென்சன் எடுக்கும்வரை ஒதுங்கியே நிற்கவேண்டும். அதனால்தான் இவர்கள் இப்படியொரு உடுப்பைத் தைத்திருக்கிறார்கள். போட்டுக்கொண்டு போனேன், ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்தால் கோட் ரேடியேட்டரில் சாக்குப் போல வெளிறித் தொங்குகிறது. மனைவி வொஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் இரண்டு தரம் போட்டிருக்கிறாள். பிறகு சமையலுக்கு நடுவில் கோலரின் உள்துணியைக் கையாலும் உரசியிருக்கிறாள். மஞ்சள் விரல் அடையாளம் அப்படியே கிடந்தது.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"இரவல் உடுப்பை ஊத்தையோடையே திருப்பிக் குடுக்கிறது? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

பிழை சொல்ல முடியவில்லை. இரவல் சேலையைத் தோய்த்து மடிக்காமல் கொடுத்த வீட்டின் கதை எங்கள் பக்கம் ஊர் முழுக்க ஓடும். ஆனால் அந்த மனிதனுக்கு அப்பாவென்று மிஞ்சியிருந்தவை அந்தக் கறைகள்தான்.

கொண்டுபோய்க் கொடுத்து, தோய்த்துவிட்டோம் என்று நேராகச் சொன்னேன். "லவ்லி" என்றார். நெஞ்சுப்பக்கத்தைத் தடவினார். கறை இருந்த இடத்தில் விரல் நின்றது. மெதுவாகக் கதவைச் சாத்தினார். இவர்கள் கோபத்தையும் நன்றி மாதிரித்தான் சொல்வார்கள். ஏசியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

மறுநாள் மாலை மெழுகு டின்னோடு வந்தார். ஹெயர் டிரையர் இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் குசினி மேசையில் கோட்டை விரித்தோம். சுடுதண்ணீர்ச் சட்டியில் டின்னை வைத்து உருக்கி, துணியால் தேய்த்தோம். மனைவி சூட்டுக்காற்றுப் பிடித்தாள். துணி கறுத்தது, கறை திரும்பவில்லை. ஆனாலும் அவர் வெறும் இடங்களைத் தொட்டு ரேஸ் கதைகளைச் சொன்னார்.

மூன்றாவது கதையில் மனைவி என்னிடம், "எல்லாத்திலயும் தகப்பன் விழுந்துதான் இருக்கிறார். மனுசன் ஒருக்காலும் வெல்லேல்லையோ?" என்றாள். எனக்கு மறைக்கத் தெரியாது, மொழிபெயர்த்தேன். பீட்டர் மேசையில் கைவைத்துச் சிரித்தார். ஒருதரமும் இல்லையாம்.

அடுத்த மாதம் மூவரும் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குள் கோட் திறந்தபடி தொங்கியது. அருகே ஒரு அட்டை: "கோலரில் தெரிவது பந்தயத்தில் பட்ட ஒயில் கறை." பீட்டர் என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். இந்த நாட்டின் பாரம்பரியத்துக்குள் நாங்களும் ஏறிவிட்டோம், ஒயில் கறை என்ற பேரில்.

மனைவி மட்டும் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றாள்.

"என்ர மஞ்சள் இன்னும் போகேல்லை. கேட்டு வாங்குங்கோவன், ஒருக்காத் தோய்ச்சுக் குடுக்கிறன்."