அண்ணனுக்குப் பறித்த பிரம்மி

விடியற்காலைக் குளத்துச் சேறு... அந்தக் குளிர் இன்னும் என் முழங்காலை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் காரோட்டில், வீட்டுக்குக் கீழே ஒரு குளம். கரையோரச் சேற்றில் பிரம்மி படர்ந்து கிடக்கும். தடித்த குட்டி இலை, நகத்தளவு வெள்ளைப் பூ. ஓர்மைக்கு, அதாவது ஞாபகசக்திக்கு, நல்லது என்று பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் அதைப் பிழிந்து கொடுப்பார்கள்.

அண்ணன் பத்தாம் கிளாஸில் ஒரு தடவை தோற்றுவிட்டான். அதனால் அந்த வருஷம் எனக்கும் அவனுக்கும் ஒரே பரீட்சை.

பறிப்பது என் வேலை. காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுக வருவேன். அம்மை இலையை அரைத்துப் பிழிந்து, பாலில் கலக்கி, அப்புறம்தான் அவனை எழுப்புவாள். அவன் முகம் சுளிப்பான். உடனே வாயில் ஒரு துண்டு கருப்பட்டி...

ஒரு நாள் டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததை நான் விரலால் வழித்து நக்கினேன். அம்மை அகப்பையால் முதுகில் ஒன்று போட்டாள்.

"ஒனக்கு எதுக்குட்டி ஓர்ம? நீ அண்டி தல்லப் போறவளாக்கும்."

அண்டி தல்லுவது என்றால் முந்திரிக்கொட்டை உடைப்பது.

ரிசல்ட் வந்தது. அவன் தட்டுத் தடுமாறிப் பாஸ். எனக்கு அவனைவிட எவ்வளவோ அதிகம். டீச்சர் வீட்டுக்கே வந்து, "இவள நிறுத்திராதீங்க" என்று கெஞ்சினாள். அவன் நெய்யாற்றின்கரைக்குப் படிக்கப் போனான். நான் அண்டியாபீஸுக்கு, முந்திரி ஆலைக்குப் போனேன். கறை பட்டுக் கறுத்த விரல்களோடுதான் கல்யாணத்துக்கும் நின்றேன்.

இப்போது குளத்தைச் சுற்றி சிமென்ட் சுவர். பிரம்மி மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது.

அண்ணனுக்கு வெளிநாட்டில் பெரிய வேலை. போன வாரம் பேஸ்புக்கில் தொட்டியில் வளர்த்த பிரம்மியின் படம் போட்டிருந்தான். 'விடியக் காலையில் குளத்தில் இறங்கி எனக்காகப் பிரம்மி பறித்த அம்மா' என்று எழுதியிருந்தான். கீழே நூறு பேர் கண்ணீர் விட்டிருந்தார்கள்.

போன் போட்டேன்.

"எண்ணே, அது பறிச்சது நானாக்கும்."

"அப்படியா மக்களே? எனக்கு ஓர்ம இல்லியே..."

சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே மறந்திருக்கிறான்.

அத்தனை டம்ளரையும் குடித்தவன் அவன்.