அடிச்சோறு

ஆட்டுக் கொழுப்பும் வனஸ்பதியும் சேர்ந்து உறைந்தால் என்ன நிறத்தில் இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. பிரியாணி வாழை இலைக்கு வரும்போது ஆவி பறக்கும், பட்டையும் ஏலக்காயும் மணக்கும், சோறு மினுமினுக்கும். சாப்பிட்டு எழுந்து கை கழுவியதோடு விருந்துக்கு வந்தவர்கள் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த அண்டா என் வீட்டுக் கொல்லைக்கு வரும். உள்பக்கம் முழுக்க அழுக்கு மஞ்சளில் ஒரு பூச்சு கெட்டியாக அப்பியிருக்கும். கீறினால் சுருள் சுருளாக வரும். நகத்துக்குள் போய்விட்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது.

திண்டுக்கல்லில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். முன்பக்கம் கடை, நடுவில் வீடு, பின்னால் கொல்லை. விருந்து மதியம் முடிந்தால் சாயங்காலம் வேன் வந்துவிடும். அண்டா, மூடி, கரண்டி, வாளி எல்லாவற்றையும் ஆட்கள் இறக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றில் தண்ணீர் ஊற்றி ஊற வைப்பது என் கணவரின் வேலை. மறுநாள் காலையில் ஒரு பெண் வந்து தேய்ப்பாள். அண்டாவின் அடியில் ஒட்டியிருக்கும் சோற்றை வழித்துத் தன் கோழிகளுக்கு எடுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் ஜனத்தில் ஒரு பழக்கம் உண்டு. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் வாங்கினால்கூட எதையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அப்படித்தான் கல்யாண வீட்டார் எங்கள் அண்டாக்களோடு ஒரு வாளி பிரியாணியையும் ஏற்றிவிடுவார்கள். கொடுத்த வீட்டிலும் வாங்கிய வீட்டிலும் பரக்கத்து, அல்லாவின் அருள், தங்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாளியில்தான் குறை. கல்யாண மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று வாளி வரும். அன்று இரவு அதுதான் சாப்பாடு, மறுநாள் காலையும் அதுதான், மிச்சம் ஃப்ரிட்ஜில் ஏறி அதற்கடுத்த நாளும் இறங்கும். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் வாளியைத் திறந்தவுடன் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாமியார் சந்தோஷமாக என் முகத்தைப் பார்த்து, ஏதும் விசேஷமா என்று கேட்டார். விசேஷம் ஒன்றுமில்லை, வாளிதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வருடக்கணக்காக அந்த வாளியைத் தின்று என் கணவருக்குச் சுகர் வந்தது. வந்ததை அவர் ஒரு விருந்தாளி மாதிரி நடத்தினார். மாத்திரையும் போடுவார், வாளியையும் திறப்பார். பிறகு ஒரு நாள் அண்டா மூடி ஒன்று சரிந்து வலது காலில் விழுந்தது. சுண்டுவிரலில் சின்னக் காயம். அது ஆறவே இல்லை. கறுத்தது. கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். இனி ஒரு காயம் வந்தால் விரலோடு நிற்காது, கால் போய்விடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். விரல் எடுத்த இடத்துக்குக் கட்டு மாற்றுவது என் பொறுப்பு. கட்டைப் பிரிக்கும்போது எழும் வாடையும் வாளியைத் திறக்கும்போது எழும் வாடையும் எனக்கு ஒன்றாகவே தெரிய ஆரம்பித்தன. இரண்டுக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டத்தை மாற்றினேன். அவருக்கு வெள்ளைச் சோறு கிடையாது. குஜிலியம்பாறைப் பக்கம் கிடாவெட்டுக்கு எங்களிடம் பாத்திரம் எடுக்கும் ஒரு குடும்பத்திடம் சொல்லிக் கம்பும் கேழ்வரகும் வரவழைத்தேன். டீக்குச் சீனி கிடையாது. எண்ணெயைக் கண்ணில் காட்டவில்லை. காயம் முக்கால்வாசி மூடியதும், கட்டுக்கு மேலேயே டாக்டர் சொன்ன மெத்தைச் செருப்பை மாட்டிவிட்டுக் காலையில் மைதானத்துக்கு மெல்ல நடக்கக் கூட்டிப் போனேன். அந்த மைதானத்து வாசலைச் சொல்லியாக வேண்டும். உள்ளே கையை வீசி வீசி நடந்த மனிதர்கள் வெளியே வந்து, வண்டிக்காரரிடம் சுடச்சுடப் போண்டா வாங்கித் தின்றார்கள். கழுத்து வியர்வையைத் துடைத்த அதே துண்டால் உதட்டு எண்ணெயையும் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. என் கணவரோ அந்த வண்டியைத் தாண்டும்போது மட்டும் நடையைக் குறைத்தார்.

வாளியை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாத்திரம் எடுக்க வருகிறவர்களிடம் நானே போய், தயவுசெய்து சோறு வைத்து அனுப்பாதீர்கள், அவருக்கு உடம்புக்கு ஆகாது என்று சொன்னேன். அவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு இரண்டு வாளியாக அனுப்பினார்கள். உடம்புக்கு முடியாத மனிதர், நல்லாச் சாப்பிட்டால்தானே தெம்பு வரும் என்று மணப்பெண்ணின் அம்மா ஒருவர் எனக்கு ஃபோன் போட்டு விளக்கினார். ஒரு வாளியில் பிரியாணி, இன்னொன்றில் பிரெட் அல்வா.

சரி, வந்ததைத் தெருவில் கொடுத்துவிடுவோம் என்று ஒரு தடவை பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வீட்டுக்காரருக்குப் பிரஷர், அதனால் அவர்கள் எதிர் வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எதிர் வீட்டில் மாமனார் மாமியார் இருவருக்கும் சுகர். அவர்கள் முனை வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். இருட்டுவதற்குள் முனை வீட்டுப் பெண் அதே வாளியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். வீட்டில் யாரும் சாப்பிடுகிற நிலைமையில் இல்லை, நீங்களாவது வச்சுக்கங்க என்றாள். திறந்து பார்த்தால் மேலே கொழுப்பு உறைந்து ஏடு கட்டியிருந்தது. தெருவே வியாதியில் கிடக்கிறது, விருந்துக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. எனக்கு வந்த அருவருப்பில் வாளியைக் கொண்டுபோய் வேனிலேயே ஏற்றிக் கல்யாண வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். பெரிய சங்கடமாகிப் போனது. ஆனாலும் அதற்குப் பிறகு வாளி வருவது நின்றது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுகர் இறங்கவில்லை. வீட்டில் வைத்திருந்த மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால், கம்பும் கேழ்வரகும் தின்கிற மனிதருக்கு வர வேண்டிய அளவா அது? டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். டீக்கடையில் விசாரித்தேன், சீனி இல்லாமல்தான் குடிக்கிறார் என்றார்கள். மகன் கடையிலேயே இருப்பவன், அத்தா எங்கேயும் போவதில்லை என்று சத்தியம் செய்தான். அவர் சட்டைப் பையைக்கூடத் தடவிப் பார்த்தேன். வீட்டுத் தட்டிலோ அவர் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கும் பெண் கையை நீட்டிக் காட்டினாள். நகமெல்லாம் தேய்ந்திருந்தது.

"அண்ணன ஊற வைக்கச் சொல்லுங்கக்கா. அம்புட்டும் காஞ்சுபோய்க் கெடக்கு. ஆனா அடி மட்டும் வழிச்சு எடுத்தாப்புல இருக்கு. கோழிக்கு ஒரு கை சோறு மிஞ்ச மாட்டேங்குது. பூனை கீனை எறங்குதான்னு பாருங்க."

பூனை அண்டாவின் அடியை இவ்வளவு சுத்தமாக வழித்தெடுக்காது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் பேசக் கூடாது என்று இருந்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து போனது. பள்ளிவாசலில் அசர் தொழுதுவிட்டு வந்த மனிதர் பாத்திரத்துக்குத் தண்ணீர் விடப் போகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கவே இல்லை. செத்த நேரம் பொறுத்து நானும் போனேன்.

பெரிய அண்டா ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதற்கு வெளியே இரண்டு கால்கள் மண்டி போட்டிருந்தன. வலது காலில் விரல் எடுத்த இடத்துக் கட்டு செருப்புக்கு வெளியே தெரிந்தது. இடுப்புக்கு மேலே மனிதர் அண்டாவுக்குள் இருந்தார். உள்ளே கரண்டியால் சுரண்டும் சத்தம் கரகரவென்று வந்தது. சுரண்டல் நிற்கும், மெல்லும் சத்தம் கேட்கும், மறுபடி சுரண்டல். ஊரில் மரியாதையான மனிதர், மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுத் தலைவர், கோழிக்குப் போக வேண்டியதைத் தின்றுகொண்டிருந்தார். என் உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருடத்தில் அந்த வாளியைப் பார்த்துக்கூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை.

வெளியே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சுரண்டல் நின்றது. பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தார். தாடியிலும் கன்னத்திலும் கொழுப்பு. சட்டையின் முழங்கையில் மசாலா. கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். சோறு வீணாகிறதே என்று பார்த்தேன் என்றார். கால் போனால் பரவாயில்லையா என்று கேட்டேன். கத்தவில்லை. கத்தினால் வாந்தி வந்திருக்கும்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ எனக்குப் போடுறத ஒரு வாய் தின்னு பாத்திருக்கியா புள்ள? நீயும் மகனும் ஒரு சட்டில சாப்புடுறீங்க. எனக்கு மட்டும் தனிச் சட்டி. அதக் கொண்டாந்து வைக்கிறப்ப உன் மூஞ்சி, என் கட்டப் பிரிக்கிறப்ப இருக்குற மாதிரியே இருக்கு. அங்க எனக்குச் சோறு எறங்கல. பசிக்குது."

ஊருக்கெல்லாம் சோறு வடிக்கிற அண்டாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனிதர் பசிக்கிறது என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. காலைக் காப்பாற்ற நான் படுகிற பாட்டுக்கு இதுவா பேச்சு என்று விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனேன். மதியம் அவர் மிச்சம் வைத்த சட்டி மூடியபடி இருந்தது. அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டேன்.

கம்பு சரியாகப் புடைக்கவில்லை, உமி தொண்டையில் குத்தியது. கட்டி தட்டியிருந்தது. பிரஷரும் வந்துவிடுமோ என்று நான் உப்பே போடவில்லை. தொட்டுக்கொள்ள வைத்திருந்த கீரை, மாட்டுக்கு வேக வைத்தது போலப் பச்சை வாடை அடித்தது. தூ என்று தொட்டியில் துப்பினேன். திரும்பினால் அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

எனக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. அதே அடுப்பில் மகனுக்கு மீன் குழம்பு வைத்தால் தெரு முனை வரை மணக்கும். மருந்துக்கு எதற்கு ருசி என்று இருந்துவிட்டேன். வாளியின் மேல் எனக்கிருந்த வெறுப்பையெல்லாம் சட்டியில் போட்டு வேக வைத்து அந்த மனிதருக்கு மூன்று வேளையும் பரிமாறியிருக்கிறேன். தின்பாரா?

மறுநாள் வீட்டில் ஒரே ஒரு சட்டிதான் அடுப்பில் ஏறியது. கம்பை நன்றாகப் புடைத்து, இடித்து, உதிரியாக வேக வைத்தேன். அளவாக உப்புப் போட்டேன். ஆட்டு நெஞ்செலும்பை மிளகு தட்டிப் போட்டு வேக வைத்து, ஆற விட்டு, மேலே உறைந்த கொழுப்பு அத்தனையையும் வழித்துக் கொட்டினேன். கொழுப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியாதா என்ன. பிறகு சின்ன வெங்காயம் வதக்கிச் சேர்த்துச் சூடு பண்ணினேன். மகன் கம்பைப் பார்த்து முகம் சுளித்தான். எனக்கென்ன வியாதி என்று கேட்டான். உனக்கு வரக் கூடாது என்றுதான் என்று சொல்லித் தட்டில் போட்டேன். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவர் முதல் வாயைப் போட்டதும் நானும் அவனும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் குனிந்து அடுத்த வாயை அள்ளினார். தட்டில் மிச்சம் வைக்கவில்லை. கட்டுப் பிரிக்கும்போது மூக்கைப் பிடிப்பதையும் அன்றோடு விட்டேன். வாடை இருக்கத்தான் செய்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

மெஷினில் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கால் நிலைக்கும் என்று டாக்டர் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. போண்டா வண்டியைத் தாண்டும்போது அவர் நடை இப்போதும் குறைகிறது. நான் கையைப் பிடித்து இழுக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டைக் கல்யாணம் ஒன்றிலிருந்து வேன் வந்தது. அண்டாக்களை இறக்கும்போதே அந்த நாற்றம் அடுப்படி வரைக்கும் வந்தது. அவர் எழுந்து கொல்லைக்குப் போனார். நான் போகவில்லை. கையில் இருந்த கீரையை ஆய்ந்தபடி காதை மட்டும் கொல்லைப் பக்கம் வைத்திருந்தேன். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தேன்.

குழாய்த் தண்ணீர் அண்டாவுக்குள் சடசடவென்று விழுந்தது. ஒன்று நிறைந்து இன்னொன்றில் விழுந்தது. எல்லாம் நிறைந்த பிறகு அவர் ஈரக் கையோடு உள்ளே வந்து அடுப்பை எட்டிப் பார்த்தார்.

"ராத்திரிக்கு என்ன வெஞ்சனம்?"

விரல் போன நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கீரையும் முட்டையும் என்றேன். முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே தட்டை எடுத்து வைத்தார்.