இரண்டு பாஸ்வேர்டும் ஒரு கற்பூர சத்தியமும்

திருப்போரூரில் என் கல்யாணத் தகவல் மையத்தைத் திறந்து, முருகன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அச்சரப்பாக்கத்து மாப்பிள்ளை ஒருவரின் தாய்மாமன், இரண்டு ஆட்களோடு உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“எங்க பையன வேணாம்னுச்சே அந்தப் பொண்ணு, எங்க வேல செய்யுது? அங்கயே போயி நாலு வார்த்த கேக்கறேன்.”

பெண்ணுக்கு மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலை. இவர் போய்க் கத்தினால் வேலை போய்விடும். விலாசமோ என் கம்ப்யூட்டரில், பூட்டிய பெட்டியில் இருந்தது.

அந்தப் பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு. ஒன்றைப் போட்டால் விலாசத்தோடு ஜாதகங்கள் வரும். மற்றதைப் போட்டால் வேறு சரக்கு வரும். ஜாதகங்கள் இருப்பதே தெரியாது. அமைத்துக் கொடுத்த என் மருமகன், “ரெண்டாவத காலியா வுட்டா எவனும் நம்ப மாட்டான் மாமா. வெளிய காட்ட வெக்கப்படறத போட்டு வைங்க” என்றிருந்தார். போட்டிருந்தேன்.

உடனே கொடுத்தால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் முரண்டு பிடித்தேன். சட்டையைப் பிடித்தார்கள். இரண்டாவது பாஸ்வேர்டைச் சொன்னேன்.

“இதான் பாஸ்வேர்டுன்னு கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணு!”

முருகன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பொய்ச் சத்தியமா?

“முருகா, இந்த பாஸ்வேர்டுக்குப் பெட்டி தெறக்கும். உள்ள கீறது நான் யாருக்கும் காட்டாதது” என்று கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தேன். இரண்டும் நிஜம். கை மட்டும் சுட்டது.

திறந்தது. நானே எழுதி, நானே பாடிப் பதிவு செய்த முருகன் பாட்டுகள், நாற்பத்திரண்டு.

“இன்னாய்யா இது?”

“பாட்டு, அண்ணாத்த.”

“உள்ள எங்கனா அட்ரஸ சொருவி வெச்சிருப்பான். ஒண்ணு வுடாம போடுறா!”

போட்டார்கள். மூன்றாவது பாட்டில் ஒருவன் டீ குடிக்கப் போனான், வரவே இல்லை. ஏழாவதில் இன்னொருவன் அவனைத் தேடப் போனான். பன்னிரண்டாவது பாட்டில் நான் மேல் ஸ்தாயிக்குப் போனபோது, தாய்மாமன் எழுந்து முருகன் படத்தின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நைனா, உன் கால்ல வேணா வுழறேன், நிறுத்து. இத நல்லா பூட்டி வை. எவன் கேட்டாலும் பாஸ்வேர்டு குடுக்காத.”

ஷட்டரை அவரே தூக்கிவிட்டுப் போனார். அந்தப் பெண் இன்றும் அதே ஓட்டலில் இருக்கிறாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நம்பி ஜாதகம் கொடுத்தவர்களின் விலாசம் போகக் கூடாது. அதற்கு நம் மானம் போகிறதென்றால், போகட்டும்.