ஹெப்ஸி கேட்லோவின் பாவாடை வழக்கு

ஹெப்ஸி கேட்லோவுக்கு வாயை அடக்கத் தெரியாது என்று எங்கள் தார்ன்ஷா ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. அவள் வாய் சும்மா இருக்காது, ஆனால் சத்தம் வருவது அபூர்வம். ஒன்பது வயதில் ஆலைக்குள் நுழைந்தவள். ஒரே கொட்டகையில் நானூறு விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் பக்கத்து நெசவாளிகள் உதட்டை அசைத்தே பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே கேட்பார்கள். கொட்டகையின் அந்தக் கோடியில் ஒருத்தி புருஷனைத் திட்டினால் இந்தக் கோடியில் ஹெப்ஸி ஒரு வார்த்தை விடாமல் படித்துவிடுவாள். தேவாலயத்தில் பாதிரியாரின் மனைவி பிரசங்கத்தைப் பற்றித் தங்கையிடம் முணுமுணுத்ததைப் படித்து, வாய்விட்டுச் சிரித்து, இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டவள்.

கரி வண்டி ஓட்டுகிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாலே வருஷத்தில் அவன் மார்புச் சளியில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. அவளுக்கென்று மிஞ்சியது பர்ட்வெல் ஆலையில் நாலு தறியும், அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடும் பத்து விரலும்தான்.

அவள் தறிக்குப் பக்கத்தில் எஞ்சினிலிருந்து தறியைச் சுழற்றும் பெல்ட் ஒன்று மறைப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஓசியா டக்வர்த்திடம் மூன்று மாதமாக முறையிட்டாள்.

"மேஸ்திரி, அந்த பெல்ட்டுக்கு ஒரு பலகைய அடிச்சு மறைக்கச் சொல்லி எத்தன தடவ சொல்றது?"

"அடிச்சிடலாம், அடிச்சிடலாம். நீ கொஞ்சம் தள்ளி நின்னு வேல செய்யேன்."

"தறியையும் தள்ளி வையி, நிக்கிறேன்."

1866 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை பெல்ட் அவள் பாவாடையைக் கவ்வியது. நல்லவேளையாகத் துணி கிழிந்தது, ஆள் பிழைத்தாள். அத்தனை பேர் நடுவில் உள்பாவாடையோடு நின்றாள். ஓசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஹெப்ஸி சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வாசலைத் தாண்டி நடந்துவிட்டாள்.

அதுதான் குற்றம். பதினாலு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் தொழிலாளி வேலையை விட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். முதலாளி முன்னறிவிப்பு இல்லாமல் துரத்தினால் அவருக்குச் சிறை கிடையாது, வேண்டுமானால் போய் வழக்குப் போட்டுக்கொள் என்பார்கள். இந்தச் சட்டத்தை எழுதிய கனவான்கள் யாருக்கும் பெல்ட்டில் கால்சட்டை போனதில்லை போலிருக்கிறது.

சிறைக்கு ஹெப்ஸி பயப்படவில்லை. விரலுக்குப் பயந்தாள். உள்ளே பழைய தார்க்கயிற்றை நகத்தால் பிரித்துப் பிரித்துப் போடவேண்டும். மூன்று மாதம் அதைச் செய்தவள் அப்புறம் இழையை முடிச்சுப் போட முடியாது. முடியாதவளுக்கு எந்த ஆலையிலும் தறி இல்லை.

வழக்கு 'வெள்ளை மான்' சத்திரத்து மாடியில் நடந்தது. அன்றைக்கென்று பார்த்து ஆலை எஞ்சின் படுத்துவிட, கொட்டகையே மாடியேறி வந்து உட்கார்ந்திருந்தது. தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர். நிலக்கிழார் லம்லி ஒருவர், கர்னல் ஸ்ட்ராட்டன் மற்றவர். இருவரும் ஆயுளில் தறியைப் பார்த்ததில்லை.

முதலாளி பர்ட்வெல் பைபிளைத் தொட்டு, இவள் வேண்டுமென்றே ஓடினாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஹெப்ஸியும் பைபிளுக்குக் கை நீட்டினாள்.

நீதிமன்றக் குமாஸ்தா தடுத்தார். "நீ குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவ. உன் பேச்சு சாட்சியாகாது."

"முதலாளி பேச்சு ஆகுமா ஐயா?"

"ஆகும்."

"அவரு அன்னிக்கு அங்க இல்லவே இல்லையே."

"அது வேற விஷயம். சாட்சிய வேணா கேள்வி கேளு."

அடுத்த சாட்சி ஓசியா. பலகை இருந்தது என்று சொல்லச் சொல்லி முதலாளி அனுப்பியிருந்தார். "இருந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன்" என்று தரையைப் பார்த்து முனகினான். அப்போது லம்லி கர்னல் பக்கம் சாய்ந்து, காற்றுகூட வராத குரலில் பேசத் தொடங்கினார்.

"ரெண்டு மாசம் போட்டாப் போதும்னான் பர்ட்வெல். அவன் அனுப்பின பன்றித்தொடை பிரமாதம்."

"பலகை இல்லைன்னு ஆலை இன்ஸ்பெக்டர் வந்து நின்னா?"

"அதுக்குத்தான் இந்த மடையன் மேஸ்திரி இருக்கானே. அவன் தலையில கட்டிடலாம்னு பர்ட்வெல்லே சொல்லிட்டான்."

பன்றித்தொடைக்கே கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. குமாஸ்தா மேஜையைத் தட்டினார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அங்கே மூன்று பெரிய மனிதர்களுக்கும் புரியவில்லை. ஓசியா சிரிக்கவில்லை. மேஸ்திரி ஆவதற்கு முன் அவனும் இருபது வருஷம் தறி ஓட்டியவன்.

"படிச்சியா?" என்று ஹெப்ஸியின் உதடு கேட்டது.

"படிச்சேன்," என்றது அவன் உதடு.

ஹெப்ஸி சத்தமாகக் கேட்டாள். "மேஸ்திரி, யோசிச்சு சொல்லு. பலகை இருந்துச்சா?"

"இல்ல. நானே முதலாளிகிட்ட மூணு தடவ கேட்டேன். பலகைக்குச் செலவு பண்றதுக்கு இவளுக்கு ஒரு பாவாட வாங்கிக் குடுத்துடலாம்னாரு."

"வாங்கிக் குடுத்தாரா?"

"அதுவும் இல்ல."

மூலையில் பத்திரிகைக்காரன் ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். பெல்ட்டை மறைக்காதது முதலாளியின் குற்றம் என்று இன்னொரு சட்டம் இருப்பது கர்னலுக்குச் சட்டென்று நினைவு வந்தது. தொண்டையைக் கனைத்தார். வழக்கு தள்ளுபடி. மரச்செருப்புகள் தரையில் இடித்த இடியில் கீழே மதுக்கடையில் கோப்பைகள் ஆடின. கூட்டம் ஓசியாவையும் இழுத்துக்கொண்டு பீர் குடிக்க இறங்கியது. ஹெப்ஸி மட்டும் கூண்டுக்கு வெளியே நின்று சால்வையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் உள்ளூர்க்காரரான குமாஸ்தாவுக்கு மூளை வேலை செய்துவிட்டது. கையால் வாயை மறைத்துக்கொண்டு லம்லியின் காதில் ஏதோ சொன்னார். லம்லி முகம் சிவந்து நெசவாளிகள் உட்கார்ந்திருந்த காலி பெஞ்சுகளைப் பார்த்தார்.

அடுத்த வழக்கு கானர் ஃபேஹி என்ற செங்கல் சூளைத் தொழிலாளி மேல். தம்பியை அடக்கம் செய்ய இரண்டு நாள் சொல்லாமல் போனவன். லம்லியும் கர்னலும் ஆளுக்கொரு காகிதத்தை வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். ஹெப்ஸி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். காகிதம்தான் தெரிந்தது. மூன்று மாதம் என்றார்கள்.

காவலர் கூட்டிக்கொண்டு போகையில் அவன் அவளருகே நின்றான். நடந்ததையெல்லாம் பார்த்திருந்தான்.

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமேம்மா. எனக்காக ரெண்டுல ஒருத்தராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?"

"தெரியலப்பா," என்றாள் ஹெப்ஸி. "மறச்சுட்டாங்க."