சிங்கத்தின் தாடி

எழுபதுகளின் கடைசியில் நான் ஆறாம் வகுப்பு படித்தேன். படவேட்டிலிருந்து பஸ்ஸில் மலையேறி வரும் டீச்சர், சிங்கத்தின் குகைக்கே போய் அதன் தாடியைப் பிடிப்பது என்றொரு ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லிக்கொடுத்தார். பலசாலியை அவன் இடத்துக்கே போய்த் துணிச்சலாக எதிர்ப்பது என்று பொருளாம். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார். சிங்கத்துக்கு ஏது தாடி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு மறுநாள் காலை வரைதான். காப்புக்காட்டில் தேன் எடுத்ததாக அப்பாவைக் காட்டிலாகா ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கேஸ் எழுதினால் வேலூர் ஜெயில்தான் என்று ஊரே பேசியது. ஆண்கள் ஒருவரும் ரேஞ்சர் இருக்கும் பக்கம் போகத் துணியவில்லை. அம்மா சாமை அறுப்பை அப்படியே போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு ரேஞ்சர் வீட்டுக்கே கிளம்பினாள். "நீதான் படிச்சவ, நீ பேசு கண்ணு" என்றாள்.

ரேஞ்சர் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். முகமெல்லாம் நுரை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா முந்தானையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தேன். எங்கள் மலையில் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகிற வழக்கமில்லை. ஆனால் அப்பாவைப் பிடித்ததே அந்தத் தேனுக்காகத்தானே. பாவாடையை விரித்துப் பாட்டிலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ரேஞ்சர் கத்தியை நிறுத்தினார். "இன்னாம்மா அது?"

"தேனுங்க. அவுரு எடுத்ததுதான். வெறுங்கையோட எப்டிங்க வர்றது" என்றாள் அம்மா.

இனி அம்மாவையும் உள்ளே போடுவார்கள், நானும் தம்பியும் அநாதைதான் என்று நினைத்து அழுதேவிட்டேன். அவர் என்னை விலக்கி, பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஒரு சொட்டு விரலில் தொட்டு நக்கினார்.

"சாயங்காலம் வூட்டுக்கு வந்துருவான், போ" என்றார்.

அப்பா வந்துவிட்டார். என் அம்மா சிங்கத்தின் தாடியைப் பிடித்தாள் என்று நோட்டில் எழுதினேன். டீச்சர் 'குட்' போட்டார்.

அடுத்த வாரம் ரேஞ்சரின் ஆள் ஒருவர் வந்து நான்கு காலி பாட்டில்களை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அவற்றை எடுத்துக்கொண்டு, பிடிபட்ட அதே காட்டுக்குப் போனார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான்தான், பெரிய மனிதர் நமக்கு உறவாகிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.