இரண்டு மணி சலாம்

மஸ்னாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பெலாக்காங் பாடாங் தீவில் இன்றைக்கும் வானொலி கேட்பவர்களைக் கணக்கெடுக்க வந்த அந்தப் பெண்ணைத்தான் திட்டுவார்கள். அவள் என்ன செய்வாள், பாவம். கேட்கச் சொன்னதைக் கேட்டாள், போனாள். நடந்ததை நடந்தபடி சொன்னால் பழி யார் வாசலில் போய் நிற்கும் என்பது தானாகத் தெரியும்.

மஸ்னா தினமும் படகேறிப் பக்கத்துப் பெரிய தீவான பாத்தாமுக்குப் போவாள். அங்கே செக்குப்பாங் துறைக்கு மேலே மேட்டில் இருந்தது கெமா செலாட் வானொலி. மதியம் இரண்டு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தாள் என்றால் சலாம் சொல்வதுதான் வேலை. யார் யாருக்குச் சலாம் போக வேண்டுமோ, அவளிடம் சொல்லி அனுப்புவார்கள். சொந்தப் பெயரில் யாரும் அனுப்புவதில்லை. வானொலிக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். பனித்துளி, கறுப்பு மல்லி, சட்டிக்கரி. பனித்துளி எதிர்க்கரையில் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை செய்கிற ஜாவாக்காரி. முதலாளியம்மா தூங்கும் நேரத்தில் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். அவளைப்போல அந்தக் கரைச் சமையலறைகளில் எத்தனையோ பேர். தண்ணீருக்கு மேல் குரல் வழுக்கிக்கொண்டு போகும், தடுக்க ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் பாத்தாம் நகரத்துக்கும் வானொலிக்கும் நடுவே ஒரு குன்று படுத்திருந்தது. குன்றுக்கு அப்பால் மஸ்னாவின் குரல் வெறும் கரகரப்பு.

ஒவ்வொரு நாளும் கடைசிச் சலாம் ஒருத்திக்குத்தான். "என் பால்தாய் மாக் சவுதாவுக்கு என் சலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவாள். தன் சந்திலுள்ள பெரிய பெண்களை எல்லாம் மக்சிக், அத்தை என்று கூப்பிடுகிறவள், பக்கத்து வீட்டுச் சவுதாவை மட்டும் மாக் என்பாள், அம்மா என்று.

அதற்குக் காரணம் இருந்தது. மஸ்னாவைப் பெற்ற கையோடு அவள் தாய் கண்ணை மூடிவிட்டாள். தகப்பன் கப்பல் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. சவுதாவுக்கு அப்போது ஜமில் கைக்குழந்தை. இதையும் தூக்கிக்கொண்டாள், வளர்த்தாள். பால் கொடுத்தவள் தாய், அவள் மக்கள் உடன்பிறப்பு, அவள் சுற்றமெல்லாம் இவளுக்கும் சுற்றம். மார்க்கம் சொல்வதும் அதுதான், ஊர் நடப்பதும் அப்படித்தான். அதனால் தாயில்லாத பிள்ளைக்கு ஒரு சந்து முழுக்கச் சொந்தம் வந்தது.

அதே பால்தான் அவளைக் கெடுத்ததும். ஜமிலும் அவளும் வயதுக்கு வந்தபின் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வை வேறு. அவன் வாய்விட்டுக் கேட்டபோது சவுதா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஒரே மாருல பால் குடிச்சதுங்க, அண்ணன் தங்கச்சி! இந்தப் பேச்சை என் காதுல போடாதீங்க!" அதோடு முடிந்தது. ஜமில் கரிமுன் தீவில் ஒரு கடைக்காரர் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். மஸ்னா வந்த வரனையெல்லாம் தள்ளினாள். மருமகளாகத்தான் முடியவில்லை, மகளாகவாவது இருந்துவிட்டுப் போகிறேன் என்று சவுதாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். காதோரம் நரைத்தது. அவளுக்கென்று மிஞ்சியது அந்த இரண்டு மணி ஒன்றுதான்.

அதற்கும் ஒருநாள் கத்தி வந்தது. வானொலியை நடத்தியவர் தோகார், எல்லாருக்கும் பாக், ஐயா. சொல்வதை முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆள்.

"கேளு மஸ்னா. நேயர் கணக்கெடுக்க வர்றாங்க. இந்தத் தடவையும் உன் நேரத்துக்கு ஆள் இல்லன்னா ஜகார்த்தாவுலேர்ந்து வர்ற நிகழ்ச்சியத் திருப்பி விட்டுடுவேன். உனக்கும் வேலை இல்ல."

"ஆளா இல்ல பாக்? சலாம் வந்து குவியுதே!"

"எங்கேர்ந்து குவியுது? சிங்கப்பூர் அடுப்படிலேர்ந்து. அவ இங்க வந்து சோப்பு வாங்குவாளா? விளம்பரம் குடுக்குறவன் என்னைத்தான் கேப்பான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காது எனக்குக் காதே இல்ல."

குன்றுக்கு அப்பால் கேட்காது. கடலுக்கு அப்பால் கணக்கில்லை. மீதி இருந்தது பெலாக்காங் பாடாங் மட்டும். மஸ்னா அன்றைக்கே சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"மக்சிக், யாராச்சும் வந்து கேட்டா வேற ரேடியோ பேரச் சொல்லிடாதீங்க. என் பேரச் சொல்லுங்க."

"அடி போடி, உன் பேரச் சொல்லாம வேற எவ பேரச் சொல்லப்போறோம்?"

துறைமுனையில் ஐஸ் தேநீர் விற்கிற பாஸ்ரி மட்டும் பிடிகொடுக்கவில்லை. கடல் கடந்து, பாடாங் என்கிற வேறொரு நகரத்திலிருந்து பிழைக்க வந்தவன். "எனக்குச் சிங்கப்பூர் பாட்டுதான் புடிக்கும். சலாம் கேட்டு என்ன செய்ய? எனக்கு யார் சலாம் அனுப்புறா?" என்றான்.

கணக்கெடுக்கும் பெண் வந்த நேரத்தில் மஸ்னா பாத்தாமில் இருந்தாள். சாயங்காலம் படகிலிருந்து இறங்குவதற்குள் சவுதா படித்துறைக்கே வந்துவிட்டாள்.

"ஏய் மஸ்னா, ஒரே கேள்விதான் கேட்டா! அதுலயே ஜெயிச்சுட்டோம்!"

"என்ன கேள்வி மாக்?"

"உங்க குடும்பத்துல, சொந்தத்துல யாராச்சும் ரேடியோல வேலை செய்றாங்களான்னு கேட்டா. 'இல்லாம? மஸ்னா யாரு? என் பால் குடிச்ச பொண்ணு!'ன்னேன். 'போதும் மக்சிக், ரொம்ப நன்றி'ன்னுட்டு ஒரு சோப்பு குடுத்துட்டுப் போய்ட்டா. மேல பேச்சே இல்ல. உன் பேருக்கு அவ்வளவு மரியாதை!"

எதிர்வீட்டிலும் அதே. கடைசி வீட்டிலும் அதே. எல்லாரும் என் தங்கச்சி, என் மருமகள், என் பேத்தி என்றிருக்கிறார்கள். எல்லாருக்கும் சோப்பு. மஸ்னா சிரித்துக்கொண்டே தூங்கப் போனாள்.

கணக்கு வந்த நாளில் தோகார் அவளைக் கூப்பிட்டார், உட்காரச் சொல்லவில்லை.

"உன் தீவுல உனக்கு எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர்கூட இல்ல. சுழி."

"எப்படி பாக்? சந்து முழுக்க..."

"சந்து முழுக்க உன் சொந்தமாம். வானொலிக்காரி சொந்தத்தைக் கணக்குல சேத்துக்க மாட்டாங்க. சொந்தக்காரன் புளுகுவான்ல? அந்தத் தீவுல அவங்க கேட்டதுல உனக்குச் சொந்தம் இல்லாதவன் ஒரே ஒருத்தன், டீக்கடைக்காரன். அவன் சிங்கப்பூர் ரேடியோ கேக்குறானாம்!" தோகார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே வந்த ஆளிடமும் சொல்லிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின், "ஒரு வீட்டுக் கணக்கு போதாதுன்னு அதே சந்துக்கு மறுபடி வர்றாங்க. அன்னிக்கு உனக்குச் சொந்தம்னு ஒருத்தர் இருந்தாலும் நீ காலி. பாத்துக்க" என்றார்.

மஸ்னா மறுபடியும் சந்தில் இறங்கினாள். போன தடவை பெருமையோடு ஏறிய வீடுகளில் இந்தத் தடவை தலை குனிந்து ஏறினாள். "நான் உங்களுக்கு யாரும் இல்லன்னு சொல்லணும்" என்று கேட்பது லேசான காரியமா? பலர் முகம் சுளித்தார்கள், பிறகு சரி என்றார்கள். சவுதாவின் வீட்டைத்தான் கடைசிக்கு வைத்திருந்தாள். மற்றதெல்லாம் வாய்ச்சொந்தம். இது பால். இல்லை என்று சொன்னால் பாவம்.

சவுதா பின்கட்டில் உட்கார்ந்து, வேகவைத்த கடல் நத்தையைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தாள். மஸ்னா அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாக், எனக்காக ஒரு பொய் சொல்வீங்களா? பெரிய பொய். பால் குடுக்கலன்னு சொல்லணும். பாவமெல்லாம் என்னைச் சேரட்டும், உங்களுக்கு வேணாம். நான் நோன்பு பிடிச்சுக் கழிச்சுக்கறேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சவுதாவுக்கு மனசு இளகிப்போயிற்று. நத்தையைக் கீழே போட்டுவிட்டு, ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தடவினாள்.

"அட அசடு, இதுக்கா அழுற? பாவமே இல்லடி. நிசந்தான் அது. எனக்கு அப்ப ஜமிலுக்கே பால் பத்தல. உனக்கு டப்பாப் பாலும் கஞ்சித்தண்ணியும்தான். ஒரு சொட்டு குடுக்கல."

மஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஜமில் கேட்டப்ப?"

"அதுவா..." சவுதா அடுத்த நத்தையை எடுத்தாள். "அவனுக்குக் கரிமுன்லேர்ந்து நல்ல இடம் வந்திருந்துச்சு. அப்பன் ஆத்தா இல்லாத பொண்ணு வேணாம்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வருமா எனக்கு? உன்ன வளத்தவளாச்சே. அதான் பால் மேல போட்டேன். எல்லாம் உன் மனசு நோகக் கூடாதுன்னுதான். சாப்பிடு, இந்தா, சூடா இருக்கு."

மஸ்னா வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டாளா என்று கேட்காதீர்கள்.

கணக்கெடுக்கும் பெண் மறுபடி வந்தபோது மஸ்னா வீட்டுக்குள்ளே இருந்தாள். பலகைச் சுவர்தானே, பக்கத்து வீட்டில் பேசுவது அப்படியே கேட்டது.

"சொந்தத்துல யாராச்சும் ரேடியோல வேலை செய்றாங்களா மக்சிக்?"

"ஒருத்தரும் இல்ல."

"போன தடவை மஸ்னான்னு சொன்னீங்களே?"

"வயசாச்சும்மா, உளறியிருப்பேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு அது. எங்களுக்குச் சொந்தமெல்லாம் இல்ல. ஆனா அவ ரேடியோவத்தான் கேப்பேன், தினம் ரெண்டு மணிக்கு."

எதிர்வீட்டிலும் அதே. கடைசி வீட்டிலும் அதே. ஒரு காலைப்பொழுதில் அந்தச் சந்தில் மஸ்னாவுக்கு ஒருவரும் இல்லாமல் போனார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளே சொல்லிக்கொடுத்தது.

ஜெயித்தாள். அந்தத் தீவில் கேட்ட இடங்களில் பாஸ்ரியைத் தவிர எல்லாக் காதும் அவளுடையது என்று கணக்கு வந்தது. தோகார் அவளை உட்காரச் சொன்னார். "சொந்தம் இல்லாதவளுக்குத்தான் இந்தத் தொழில்ல மதிப்பு, பாத்தியா?" என்று சொல்லிக் கேக் வெட்டச் சொன்னார். இரண்டு மணி அவளுக்கே நிலைத்தது.

அன்றைக்கு மஸ்னா சலாம்களை ஒன்றுவிடாமல் சொன்னாள். கறுப்பு மல்லிக்குச் சொன்னாள், சட்டிக்கரிக்குச் சொன்னாள். கடைசியில் ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருந்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். முதலில் கவனித்தவர்கள் கணக்கில் வராதவர்கள்தான். பனித்துளியின் குரல் கைப்பேசியில் வந்தது. "அக்கா, உங்க பால்தாய்க்குச் சலாம் சொல்லலியே? நாங்க இஸ்திரிப் பெட்டிய நிறுத்திட்டுக் காத்திருந்தோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

வீட்டுக்கு வந்தபோது சவுதா வாசலை மறித்து நின்றாள்.

"ஏண்டி, எனக்குச் சலாம் வரலியே? உன் வேலையக் காப்பாத்திக் குடுத்தது யாரு? மறந்துட்டியா?"

"மறக்கல மக்சிக். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரிக்கு எதுக்கு தினம் சலாம்னு விட்டுட்டேன்."

மக்சிக். சவுதாவுக்கு அந்தச் சொல் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் முகம் இறுகிப்போயிற்று. "உன்ன எடுத்து வளத்தேனே!" என்று கத்தினாள். அதுவும் பொய்யில்லை. மஸ்னா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதன்பின் இரண்டு மணியானால் சவுதா வானொலியை வாசல் பலகைக்குக் கொண்டுவந்து வைத்து, எதிர்க்கரைச் சீன வானொலி ஒன்றை முழுச் சத்தத்தில் திருப்பிவிடுவாள். அந்தப் பேச்சில் அவளுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அந்த நேரத்தில் மஸ்னா வீட்டில் இல்லை, பாத்தாமில் இருக்கிறாள் என்பது தெரிந்தும் வைப்பாள், சந்து கேட்டால் போதும் என்று. மஸ்னாவின் விடுமுறை நாளில் அது காலையிலேயே தொடங்கிவிடும். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் மஸ்னா, அந்தப் பக்கம் சவுதா, நடுவில் இரண்டு பேருக்கும் புரியாத பாட்டு. அடுத்த கணக்கெடுப்பில் அந்தச் சீன வானொலிக்கு ஒரு வீடு கூடியிருந்தது.