மகளின் பையில் நான் வைத்த சுவீடன் கத்தி

மகளின் வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, அந்த நாட்டுக் கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவளுக்கு விழுந்தது சுவீடன். அவளுக்கு வயது பதினொன்று. ஆனால் இரண்டு நாளில் அந்தப் புரொஜெக்ட் என்னுடையதாகிவிட்டது. மல்கிரேவ் புறநகரில் வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் வீடுகளில் இது புதினமில்லை. அதோடு நான் தச்சுப் பட்டறையில் வேலை செய்பவன், கத்தி என்றால் எனக்கு வாய் ஓயாது.

மோரா என்ற ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் கத்தி அடித்துப் பிழைத்த கதையை எழுதிக் கொடுத்தேன். நடுவில் கடினமான உருக்கு, இரண்டு பக்கமும் மென்மையான இரும்பு. அதனால் கூரும் நிற்கும், இலேசில் முறியவும் முறியாது. பிடி அந்த நாட்டுப் பேர்ச் மரம். அங்கே பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குக் கத்தி கொடுத்து மரம் சீவப் பழக்குவார்கள் என்பதற்கு அடிக்கோடும் போட்டேன். படத்தில் பார்த்தால் யாருக்கு என்ன விளங்கும்? இரும்பும் உருக்கும் சேருகிற கோட்டை அலகில்தான் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த சுவீடன் கத்தியை உறையோடு அவளுடைய பையில் நானே வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கத்தி கொண்டுபோகலாமா என்று அவள் கேட்டாள். ரீச்சருக்கு நல்லாய்ப் பிடிக்கும் என்றேன். மடையன் நான்.

பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது, பட்டறையிலிருந்து நேரே அங்கே போனேன். பிள்ளை உறையைக் கழற்றி அலகிலிருந்த கோட்டைக் காட்டியிருக்கிறாள். ரீச்சர் பதறிப்போய்க் கையை நீட்டித் தரச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, பகை வரும் என்று கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அவளும் மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாளாம். கேட்டும் தர மறுத்தாள் என்று எழுதிவிட்டார்கள்.

துணை அதிபர் தன்மையாகத்தான் பேசினார். வீட்டில் பெரியவர்கள் யாராவது தெரிந்தே கொடுத்திருந்தால் பொலிசுக்குச் சொல்ல வேண்டிவரும் என்றார். நான் அகதியாய்ப் படகில் வந்தவன். பதின்மூன்று வருடமாகத் தற்காலிக விசா, நிரந்தர விசாவுக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவில்லை. பொலிசில் என் பெயர் ஏறினால் எல்லாம் முடிந்தது. அந்த நேரம் பக்கத்தில் இருந்த பிள்ளை என் கண்ணுக்குத் தெரியவில்லை, அந்த விண்ணப்பம்தான் தெரிந்தது.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு துணை அதிபரைப் பார்த்து, கத்தியை நான்தான் கேட்காமல் எடுத்தேன், அப்பாவுக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். ஐந்து நாள் வகுப்புக்கு வரக்கூடாது என்றார்கள்.

காரில் ஏறியதும் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவளுடைய தாய்க்குப் பொய் சொல்ல வராது. உண்மை தெரிந்தால் நேரே பள்ளிக்கூடம் போய்க் கொட்டிவிடுவாள்.

"அம்மாவிட்டயும் இப்பிடியே சொல்லு, குஞ்சு."

"ஓகே, அப்பா."

பின்னேரம் தாய் அவளை இருத்தி வைத்து ஏசினாள். அப்பாவின் சாமானைக் களவெடுக்க எங்கே பழகினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றேன். பிள்ளை என் பக்கம் திரும்பாமலே, இனி எடுக்கமாட்டேன் அம்மா என்றாள்.